மிளகாய் இல்லாத காரம்

1

போன வாரம் இங்கே அயர்லாந்தில், லிமெரிக் நகரத்தில், மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். என் கைப்பையில் எப்போதும் இரண்டு ஊசிகள் இருக்கும். பார்ப்பதற்குப் பேனா மாதிரி. தொடையில் வைத்து அழுத்தினால் போதும், மருந்து இறங்கிவிடும். மிளகாய் உடம்புக்குள் போய்த் தொண்டை அடைக்கத் தொடங்கினால் அதுதான் கதி. அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதால் வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும்.

கடைப்பெண் கணினியைப் பார்த்தபடியே, "பழைய இரண்டையும் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டாள். ஒன்றை மேசைமேல் வைத்தேன்.

"இன்னொன்று?"

"பயன்படுத்திவிட்டேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எப்போது, எங்கே, பிறகு மருத்துவமனைக்குப் போனீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எங்கே என்பதற்கு "அடி அண்ணாமலை" என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் "இந்தியா" என்று மட்டும் போட்டுக்கொண்டாள்.

தூறலில் வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் அழித்த இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் நடந்ததை நான் இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்களுக்காக, முக்கியமாக நாத்தனார் உள்ளவர்களுக்கும் நாத்தனாராக இருப்பவர்களுக்குமாக, இதை எழுதுகிறேன்.

2

நான் பிறந்து வளர்ந்தது அடி அண்ணாமலையில். எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அப்பா நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போட்டார். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணன் டவுனில் வேலைக்குப் போகிறார். வீட்டின் முன்பக்கத்தில் அண்ணி டிபன் கடை வைத்திருக்கிறார். நான் கல்யாணமாகி அயர்லாந்துக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. கணவர் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரே மகள், யாழினி.

இந்த நாட்டில் நான் எதிலும் கெட்டிக்காரி இல்லை. ஆங்கிலம் தடுக்கும். கார் ஓட்டும் தேர்வில் தேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் காரம் தின்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டின்போது என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் கிடையாது. நான் பச்சை மிளகாயை வெறும் வாயில் கடித்துக் காட்டுவேன். அவர்கள் கை தட்டுவார்கள். சின்ன விஷயம்தான். ஆனாலும் அந்த மேசையில் எனக்கென்று ஒரு இடம் அப்படித்தான் கிடைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அதே மேசையில் என் உதடு தடித்தது. அப்புறம் கழுத்தில் தடிப்புகள். மாத்திரையில் அடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், நிபுணரைப் பார்க்கப் பெயர் பதிந்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். இங்கே காத்திருப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. மாதக் கணக்கில் காத்திருந்தபிறகு ஒரு நாள் டாக்டரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "உங்களுக்குப் பெப்பர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வகைப் பெப்பர்ஸும் சாப்பிடாதீர்கள். விவரமாகக் கடிதம் வரும்" என்றார் போனில் பேசிய அம்மா.

பெப்பர் என்றால் மிளகு. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அன்றைக்கே வீட்டிலிருந்த மிளகை எல்லாம் தூக்கிப் போட்டேன். ரசத்தில் அதற்குப் பதிலாக மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். பொங்கலுக்கும் மிளகாய்தான். மிளகு போன குறையை ஈடுகட்ட எல்லாவற்றிலும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன். மூன்றாவது வாரம் வேலையிடத்தில் மூச்சு விட முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது.

அதற்குள் அந்தக் கடிதமும் வீட்டுக்கு வந்திருந்தது. மருத்துவமனைக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அதைப் படித்த யாழினி சொன்னாள்: "அம்மா, பெப்பர் வேற, பெப்பர்ஸ் வேற. பெப்பர்ஸ்னா மிளகாய். குடைமிளகாயும்தான்."

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் 'ஸ்' என்ற ஒரு எழுத்தில் உயிர் போகப் பார்த்தது. நம் ஆட்கள் மிளகுக்கு ஒரு பெயரும், கடல் தாண்டி வந்த காய்க்கு இன்னொரு பெயரும் வைத்துத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஏன் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்றிலிருந்து வீட்டில் மிளகாய் கிடையாது.

3

யாழினிக்கு அப்போது பதினாறு வயது முடியப் போகிற சமயம். அந்த வயதில் இங்கே பிள்ளைகளிடமிருந்து பேச்சை வரவழைப்பது கிணற்றில் வாளி விடுகிற மாதிரி. பாதி நேரம் வெறும் வாளிதான் மேலே வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். சாப்பாட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எதைத் தின்றாலும் அதன்மேல் பாட்டிலில் விற்கும் ஹாட் சாஸைக் கவிழ்த்துக்கொள்வாள். என் உடம்பு இப்படியானபிறகு அந்தப் பாட்டில் மேசையிலிருந்து காணாமல் போயிற்று. நான் சொல்லாமலே அவள்தான் எடுத்துப் போட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சமையலறைக்கு வந்து, "மிளகாய் இல்லாம ஹாட் சாஸ் பண்ணலாம்மா. நான் தேடிப் பாத்தேன்" என்றாள்.

முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தோம். கசப்பு மட்டும் மிஞ்சியது. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடுகின் உறைப்பு சூட்டில் போய்விடும். அதனால் அதைப் பச்சைத் தண்ணீரில் அரைத்து, சற்று நேரம் விட்டு, அதன்பிறகுதான் வினிகர் சேர்க்க வேண்டும். மிளகுக்கு நேர்மாறு. அதைப் பொடித்து மிதமான நல்லெண்ணெயில் போட்டால்தான் வாசனை எழும்பும். இஞ்சியும் பூண்டும் வதங்க வேண்டும். புளியும் துளி வெல்லமும் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். யாழினி சந்தையிலிருந்து ஹார்ஸ்ரேடிஷ் என்ற வேர் ஒன்றை வாங்கி வந்தாள். குதிரை முள்ளங்கி என்று நான் பெயர் வைத்தேன். துருவும்போதே இருவருக்கும் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை அவ்வளவு பக்கத்தில் கேட்டு நாளாகியிருந்தது.

அந்தச் சாஸ் மிளகாய் மாதிரி இருக்காது. மிளகாய் நாக்கில் உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இது மூக்குக்கு ஏறி, உச்சந்தலையைத் தட்டிவிட்டு, சட்டென்று இறங்கிப் போய்விடும். ஆனாலும் தயிர்சாதத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டால் சாப்பிட்டது போலிருந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் அதைச் செய்தோம். அந்த ஒரு மணி நேரம் அவள் என்னோடு தமிழிலேயே பேசினாள். அரை, ஊத்து, போதும், இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

4

அம்மா போன வருஷம் ஆடியில் போய்விட்டாள். விசா, டிக்கெட் என்று தடுமாறி நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது; போகவே முடியவில்லை. இந்த ஆடியில் முதல் வருஷத் திதி. யாழினியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

விமானத்தில் மிளகாய் இல்லாத சாப்பாடு கேட்டால் அவர்களுடைய பட்டியலில் அப்படி ஒரு வகையே இல்லை. உப்பில்லாதது உண்டு, சர்க்கரை நோயாளிக்கு உண்டு, ஜெயின் சாப்பாடு உண்டு. ஜெயின் சாப்பாட்டைக் கேட்டு வாங்கினால் அதில் பச்சை மிளகாய் நீளமாகப் படுத்திருந்தது. ரொட்டியைத் தின்றுகொண்டே சென்னை வந்து சேர்ந்தோம்.

அம்மா இல்லாத தாய்வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, எந்தப் பக்கம் விட வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தேன். முன்பு அப்படி யோசித்ததில்லை.

அண்ணி பெயர் கலா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். விடியலில் அடுப்பைப் பற்றவைத்தால் பத்து மணி வரை நிற்க நேரமிருக்காது. பௌர்ணமி வந்தால் ராத்திரி பகல் கிடையாது. செங்கம் ரோடு பக்கம் ஆசிரமத்தை ஒட்டி அறையெடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலரும் நடந்து வந்து அவர் கடையில் சாப்பிடுவார்கள். உட்காரும்போதே "நோ ஸ்பைசி" என்பார்கள். அண்ணி அவர்களுக்கு இட்லியும் சர்க்கரையும் வைப்பார்.

"வா சுமதி. கை கால் கழுவிக்கினு வா, சூடா இருக்கறப்பவே சாப்பிடு" என்றார். இலையில் சாம்பார் விழும்போதே நிறத்தைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணி, போன்ல சொன்னேனே. மிளகாய் எனக்கு ஆவாதுன்னு."

"சொன்ன, சொன்ன. அதுக்கோசரம்தான் கம்மியா போட்டேன்."

"கம்மியாவும் ஆவாது அண்ணி. துளி கூட கூடாது. ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தேன்."

"பொறந்ததுலேர்ந்து துன்ன மிளகா, இப்ப மட்டும் இன்னா பண்ணும்?"

யாழினி என் பையிலிருந்து எங்கள் சாஸ் பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உதவியாகத்தான் செய்தாள். அண்ணி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "இத்தினி நாளு கடைக்குத்தான் நோ ஸ்பைசி வரும். இப்ப வூட்டுக்கே வந்துட்ச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் வெறும் சோறும் தயிரும் பாட்டிலுமாகச் சாப்பிட்டேன். அண்ணி எதிரே வந்து உட்காரவில்லை. அம்மா இருந்திருந்தால் இருவரையும் ஒரு அதட்டுப் போட்டு உட்கார வைத்திருப்பாள். அவள் போனபிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு போட வேண்டியவர் அண்ணி. அவர் கைச் சோற்றை நான் ஒதுக்கினால், அந்த வீட்டையே ஒதுக்குவது போல. அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

5

திதி முடிந்த மறுநாள் அண்ணியே வந்து, "இன்னிக்குக் கறி எடுக்கறேன். உனக்கு மட்டும் மொதல்லயே தனியா எடுத்து மிளகு போட்டு வெக்கறேன். மிளகா கிட்டவே கொண்டாற மாட்டேன். துன்னுவியா?" என்று கேட்டார்.

"உங்க கையால போட்டா துன்னமாட்டேனா?" என்றேன்.

வாசனையே நன்றாயிருந்தது. மிளகு, சோம்பு, தனியா, சின்ன வெங்காயம். முதல் வாயில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, காரத்தால் இல்லை. அண்ணி எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சோறு கூடப் போகவில்லை, உதட்டோரம் அரித்தது. தண்ணீர் குடித்தேன். நாக்கு தடிப்பது தெரிந்தது. "அண்ணி" என்று சொல்ல நினைத்தேன். சத்தம் வரவில்லை.

யாழினிதான் ஊசியைப் போட்டாள். புடவையோடு சேர்த்தே தொடையில் அழுத்திப் பிடித்தாள். அண்ணன் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். அண்ணி கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். வழி முழுக்க அவர் கையில் என் செருப்பு இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வாமை என்ன என்று கேட்ட நர்ஸிடம் அண்ணன் "மிளகாய்" என்றார். "மருந்து எதுனா ஒத்துக்காதா, அத்தச் சொல்லுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். அவளுக்குப் புரிய வைப்பதற்குள் மருந்து ஏறி எனக்கு மூச்சு சீராகிவிட்டது.

கதவு திறந்திருந்ததால் வெளியே பேசியது எனக்குக் கேட்டது. யாழினியின் குரல்தான், அண்ணியிடம். "நீ வேணும்னே போட்டியா?"

அவள் கேட்க நினைத்தது அது இல்லை. தெரிந்து போட்டீர்களா, தெரியாமல் விழுந்துவிட்டதா என்று கேட்க நினைத்திருக்கிறாள். பிறகு அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். 'வேணும்னே' என்ற சொல்லின் கனம் அவளுக்குத் தெரியாது. 'நீங்க' என்பதும் அவள் வாயில் வருவதில்லை. நானும் அவள் அப்பாவும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்று பேசிக்கொள்கிறவர்கள், அவளிடமும் அப்படியே. எங்கள் லிமெரிக் வீட்டில் அவள் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான். பெரியவர்களிடம் பேசும் தமிழை நாங்கள் அவளுக்குக் காட்டவே இல்லை.

அண்ணி இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் எல்லாருக்கும் உறுத்தியது.

6

அடுத்த மூன்று நாள் அந்த வீடு பேச்சில்லாமல் நடந்தது. எனக்கு வேளா வேளைக்குக் கஞ்சி வந்தது. கொண்டுவந்து வைப்பது அண்ணன். "நீ மனசுல வெச்சுக்காத. அவ வேணும்னு பண்றவ இல்ல" என்றார். அவர் குரலிலேயே ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கும் இருந்தது. 'கொஞ்சூண்டு போட்டா ஒன்னும் ஆவாது, போட்டுத்தான் பாப்போமே' என்று நினைத்திருப்பாரோ. முதல் நாள் நடந்த பேச்சு அப்படித்தானே போயிற்று. ஊருக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா, இனி வந்தால் டவுனில் ரூம் எடுத்துத் தங்கிக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்குப் பொடி அரைக்க அண்ணி மிஷினுக்குக் கிளம்பினார். தனியா ஒரு மூட்டை, மிளகாய் ஒரு மூட்டை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். தூக்க ஆளில்லை. நான் யாழினியைப் பார்த்தேன். அவள் தனியா மூட்டையை எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். மிளகாய்த் தூசிக்குப் பயந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், காற்று அந்தப்புறம் போகும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் யாழினி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அந்தப்பக்கமே நின்றுகொண்டு கத்தினாள். "அம்மா, மிஷின். மிஷின்மா."

உள்ளே யாரோ ஒருவருக்கு மிளகாய் அரைத்து முடித்திருக்கிறார்கள். அரைக்கிறவர் மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே வாயில் அண்ணியின் தனியாவைக் கொட்டியிருக்கிறார். முதலில் விழுந்த பொடி சிவப்பாக இருந்தது. அப்புறம்தான் மெல்ல மெல்லத் தனியாவின் நிறத்துக்கு வந்தது. மசாலாப் பொடி எல்லாம் அந்த ஒரே மிஷினில்தான். எந்தக் காலத்திலும் அப்படித்தான். அண்ணி வீட்டுத் தனியாத் தூளில் யார் வீட்டு மிளகாயோ எப்போதும் கலந்தே இருந்திருக்கிறது. அதைத்தான் அவர் என் கறியில் போட்டிருக்கிறார்.

அண்ணி பின்னாலேயே வந்தார். கை முழுக்கப் பொடி இருந்ததால் என் பக்கம் வராமல் அங்கேயே நின்றுவிட்டார். ரோட்டுக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவர். நடுவே ஒரு வேன் போயிற்று.

"எம்மாம் வருசமா இங்க அரைக்கறேன் சுமதி. எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார்.

"நீங்க போடலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"எப்படிச் சொல்லுவேன்? தெனம் நூறு தடவ மிளகாப்பொடி போடற கை. நான் பாக்காதப்ப அதுவா போட்டுடுச்சோன்னு எனக்கே தெரியல. மூணு நாளா அதையேதான் நெனச்சுக்கினு இருக்கேன். சோறு எறங்கல."

அவர் அழவில்லை. பொடி அப்பிய கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனதும் யாழினி என்னிடம் வந்தாள். "அம்மா, சாரிக்குத் தமிழ்ல என்ன?"

மன்னித்துவிடுங்கள் என்றால் மேடை நாடகம் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். "மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லு. நீங்க போட்டுச் சொல்லு" என்றேன். அவள் வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணி ஈரத் தலையோடு வெளியே வந்தார். யாழினி அவர் முன்னால் போய் நேராக நின்றாள்.

"மனசுல வெச்சுக்கோங்க அத்தை."

எனக்குத் திக்கென்றது. அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு கோணியது.

"சரி கண்ணு. வெச்சுக்கறேன்" என்று சொல்லி அவளை இழுத்து ஈரத்தோடு அணைத்துக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று யாழினிக்கு விளங்க வெகு நேரம் பிடித்தது. விளங்கியபிறகும் அத்தை அதைத் திருத்த விடவில்லை.

7

மீதி இருந்த நாட்களில் அண்ணி உள் சமையலறையிலிருந்து மிளகாயை எல்லாம் கடைக்குக் கடத்திவிட்டார். எனக்கென்று புது மிக்ஸி ஜார் வாங்கினார். தனியாவை வீட்டிலேயே வறுத்து அதில் அரைத்தார். எங்கள் பாட்டில் தீர்ந்து போயிருந்ததால் மூன்று பேருமாகச் சாஸ் செய்தோம். குதிரை முள்ளங்கிக்கு எங்கே போவது? கொல்லையில் முருங்கைக் கன்று ஒன்றைப் பிடுங்கியபோது அதன் வேரை முகர்ந்த யாழினி, "அம்மா, அதே வாசனை" என்றாள். நானும் முகர்ந்தேன். அதேதான். அண்ணி, "வேரெல்லாம் துன்னக்கூடாது, அப்புறம் இன்னொரு ஊசிக்கு எங்க போறது" என்று பிடுங்கி எறிந்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையிலிருந்து திப்பிலியும் சுக்கும் வாங்கி வந்தார். கடுகைக் கொஞ்சம் கூட்டினோம். திப்பிலியின் உறைப்பு மெதுவாக வந்து வெகு நேரம் நின்றது.

அண்ணி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். "மிளகா இல்லாமயே இப்படியா? நான் இது பத்தியச் சோத்துக்குத் தொட்டுக்கறதுன்னு இல்ல நெனச்சேன்" என்றார். மறுநாள் காலை, மாதக்கணக்கில் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்றுகொண்டிருந்த ஒரு வயதான வெளிநாட்டு அம்மாவுக்கு ஒரு சொட்டு வைத்து, "நோ மிளகா" என்று உறுதி கொடுத்தார். அந்த அம்மா கண்ணீர் விட்டார். துடைத்துக்கொண்டு தட்டை மறுபடியும் நீட்டினார்.

செப்டம்பரில் யாழினி கல்லூரிக்காகக் கால்வே நகரத்துக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் வாரம் ஒரு போன், அதிலும் "ஃபைன்மா" என்ற ஒரு சொல். சனிக்கிழமைகளில் நான் சாஸ் செய்வதில்லை. ஒருத்திக்காகக் கடுகு அரைக்கக் கை வரவில்லை.

மருந்துக் கடைக்குப் போய்வந்த அன்று மாலை அண்ணிக்குப் போன் போட்டேன். கடைப்பெண் நம் ஊர்ப் பெயரை அழித்த கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "யாழினி வர்றப்ப அவகிட்ட அந்தக் குதிரை வேரைக் கொஞ்சம் குடுத்தனுப்பறியா? உட்டுடுவாங்களா அதெல்லாம்?" என்றார்.

"யாழினி எங்க வர்றா?"

"பொங்கலுக்கு. இங்கதான். உங்கிட்ட சொல்லலியா?" அண்ணி தடுமாறினார். "டிக்கெட்டு கூட எடுத்துட்டாளாம். எதோ கடையில வேல செய்யறாளாமே, அந்தத் துட்டுல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவா. நீ, வா, போன்னுதான் பேசறா. நான் ஒன்னும் சொல்றதில்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் யாரோடு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. கடையில் வேலை செய்வதும் தெரியாது. ஒரு பக்கம் வலித்தது. இன்னொரு பக்கம், அந்த வலிக்குள்ளேயே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்வதையும் உணர்ந்தேன்.

"எதுக்கு அண்ணி வர்றா? எதுனா விசேஷமா?" என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? அத்த வூட்டுக்கு வர்றதுக்கு எதுக்குன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

போனை வைத்தபிறகு எண்ணிப் பார்த்தேன். அண்ணன் பிள்ளைக்குக் காது குத்த, அப்பா காரியத்துக்கு, சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு, அம்மா திதிக்கு. இத்தனை வருஷத்தில் காரணம் இல்லாமல் நான் ஊருக்குப் போனதே இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரிடமோ அனுமதி வாங்குவது போல ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த வாசற்படியில் ஏறியிருக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும் மேற்பார்வையாளரிடம் ஜனவரியில் இரண்டு வாரம் லீவு கேட்டேன். ஊருக்கா என்றாள். ஆமாம் என்றேன். துக்கமா, கல்யாணமா என்று பரிவோடு கேட்டாள்.

"ஒன்றும் இல்லை" என்றேன். "சும்மா போகிறேன்."